கதிரையிலிருந்து இறங்கிய ஸுஹைறா

நிந்தவூரில் ஸுஹைறாவுக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் மீன் பொரிந்ததாகச் சரித்திரமில்லை. ஊரையே சொல்லுக்குள் வைத்திருந்தவளின் இடுப்பு மட்டும் அவள் சொல்லைக் கேட்க மறுத்துவிட்டது. குனிந்தால் நிமிர முடியாது. ஐவேளைத் தொழுகையும் கதிரையில் உட்கார்ந்துதான். போன நோன்புப் பெருநாளில் கடற்கரைத் திடலில் தொழும்போது, பிளாஸ்டிக் கதிரையின் கால் மணலில் புதைந்து, பக்கத்து வீட்டு றிஸ்லாவின் தோளில் போய்ச் சாய்ந்தாள். அந்த வெட்கத்தைக்கூட விழுங்கிவிட்டாள். நெற்றி மண்ணில் படாமல் ஒரு பெருநாள் போனதை மட்டும் விழுங்க முடியவில்லை. அடுத்த பெருநாளுக்காவது கீழே இறங்கி ஸுஜூது செய்ய வேண்டும், வேறு ஆசையில்லை.

டொக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். கட்டாரிலிருந்து திரும்பிய நதீரா அடுத்த வளவில், மேல்மாடியில் பெண்களுக்கு பிலாட்டீஸ் பழக்கிக்கொண்டிருந்தாள். தன் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும் சாக்கில் அதை எட்டிப் பார்த்து ஸுஹைறா எப்போதோ தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"மல்லாக்காப் படுத்துக் காலத் தூக்கிறதுக்கு ஒரு வகுப்பா? தொட்டில் புள்ளயும் அதத்தானே செய்யிது!"

ஆகவே காரைதீவில் தங்கேஸ்வரி டீச்சரின் யோகா வகுப்புக்கு ஓட்டோ பிடித்தாள். பரம இரகசியம். றிஸ்லாவுக்கு மட்டும் சொன்னாள். அதனால் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

முதல் நாள் மூச்சுப் பயிற்சி. இரண்டாம் நாள், முழங்கால் மடித்து நெற்றியை மெதுவாகத் தரைக்குக் கொண்டுபோய் அப்படியே இருக்கச் சொன்னார் டீச்சர்.

"இது நாங்க சின்ன வயசிலருந்து செய்யிறதுதானே டீச்சர்!"

சொன்னதோடு நிற்காமல், அந்தக் காலத்தில் ஸுஜூதுக்குப் போன அதே வேகத்தில் இறங்கினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பெண்கள் தூக்கித்தான் ஓட்டோவில் ஏற்றினார்கள்.

மறுநாள் தங்கேஸ்வரி டீச்சரே ஸ்கூட்டியில் வீடு தேடி வந்தார்.

"உங்களுக்கு வளையத் தெரியும் அக்கா. வளைஞ்ச உடம்பத் தாங்கிறதுக்குத்தான் வயித்திலயும் இடுப்பிலயும் பலமில்ல. என்ட வகுப்பில ஒரு நிலையில இருந்து மூச்சோட பழகிறம். நதீரா மெல்ல மெல்ல அசைச்சு உள்தசையப் பலமாக்குவா. முதல்ல அங்க போங்க. பிறகு என்னட்ட வரலாம்."

"அவ உங்களுக்குப் போட்டியில்லையா டீச்சர்?"

"இடுப்பு உங்கட. எனக்கென்ன போட்டி?"

இடுப்புப் பிடிப்பு விட்டதும் ஸுஹைறா அடுத்த வளவின் படியேறினாள்.

நதீராவின் மாடியில் மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி தொப்புளை உள்ளே இழுத்து, ஒரு காலை ஒரு சாண் உயர்த்த வேண்டும். அவ்வளவுதான். மூன்றாவது தடவையே கால் கிடுகிடுத்தது.

"மொட்டமாடியில இருந்து பாக்கக்குள்ள லேசாத் தெரிஞ்சிச்சா மாமி?" என்றாள் நதீரா.

"நீ பாத்தியா?"

"எல்லாரும் பாத்த. மூச்ச அடக்காதீங்க மாமி, கதையக் கொஞ்சம் அடக்குங்க."

ஏழாவது வாரம், கைதவறி விழுந்த வெங்காயத்தைக் குனிந்து எடுத்துவிட்டு, எடுத்தது தான்தானா என்று ஸுஹைறா சுற்றிப் பார்த்தாள். பிறகு சனிக்கிழமைகளில் காரைதீவு. நெற்றிக்குக் கீழே முதலில் இரண்டு தலையணை, பிறகு ஒன்று, பிறகு வெறும் பாய். இந்தமுறை அவசரப்படவில்லை.

பெருநாள் காலை. திடலில் எல்லோரோடும் நின்றாள், குனிந்தாள், இறங்கினாள். ஈர மணல் நெற்றியில் பட்டதும் கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் அடங்காமல், நன்றிக்காகத் தனியாக இன்னொரு ஸுஜூது செய்தாள். வெகுநேரம் எழும்பவில்லை. றிஸ்லா பதறிப்போய் முதுகைத் தொட்டாள்.

"ராத்தா, இடுப்பு பிடிச்சிட்டா? தூக்கட்டா?"

ஸுஹைறா தானாகவே நிமிர்ந்தாள். நெற்றி நிறைய மணல்.

"ஒண்ணுமில்லகா. டீச்சர்ட இடுப்புக்கும் நதீராட இடுப்புக்கும் துஆக் கேட்டுட்டுக் கிடந்தன்."

"அவங்கட இடுப்புக்கு என்ன வந்த?"

"ஒண்ணும் வரக்கூடாதெண்டுதான்."