முழு வேகத்துக்கு மேலே கொஞ்சம்

2024 ஜூன் 11, செவ்வாய்

இன்று பிழை என்னுடையதுதான். சின்னப் பிழை. தேவையில்லாமல் ஒரு நூறைக் கூட்டியிருந்தேன்.

பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் பயிற்சி, மாலையில் பதுளையில் வகுப்பு. கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்று ஊதும் விசிறியைப் போன கிழமைதான் பழைய சுவிட்சிலிருந்து கழற்றி, நான் நிரல் எழுதிய பெட்டியோடு இணைத்தோம். அதன் முகப்பிலுள்ள திருகியைத் திருப்பினால் விசிறியின் வேகம் கூடும். பாதி வரை திருப்பித் திரும்பத் திரும்பச் சோதித்தேன். முழுவதும் திருப்பிப் பார்க்க ஏனோ தோன்றவில்லை.

இன்று வந்தது மழையில் நனைந்த கொழுந்து; வாடுவதற்கு முழுக் காற்றும் வேண்டும். தொட்டியைப் பார்க்கும் மாரிசாமி அண்ணன் திருகியைக் கடைசிவரை திருப்பினார். விசிறி நின்றுவிட்டது. சற்றுப் பின்னால் எடுத்தார், சுற்றியது. மறுபடி முன்னால் தள்ளினார், நின்றது.

“தம்பி, ஒங்க மிசினு புது மாப்பிள்ளை மாதிரில்ல இருக்கு. நல்லா சாப்பிடுங்கன்னா கையக் கழுவிடுது.”

“வயர் லூசா இருக்கும், அண்ணே.”

எது கெட்டாலும் முதலில் வயரைக் குற்றம் சொல்வது எங்கள் வகுப்பின் வழக்கம்.

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் வந்தார். ஒரு பிடி கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கித் திறந்தார். வாடிய கொழுந்து என்றால் உருண்டையாக நிற்கும். இது துள்ளி விரிந்தது.

“நாளைக்குக் கொழுந்து வர்றதுக்குள்ள இது முழு வேகத்துல ஓடணும். இல்லாட்டி பழைய சுவிட்சயே போட்டுருவேன். நீங்க ஒங்க வாப்பா கடையில போய் மொளகா நிறுக்கலாம்.”

மாலை வகுப்பில் பக்கத்து வாங்கில் உட்காரும் சுதர்ஷினியிடம் நிரலைக் காட்டினேன்.

“திருகி தர்ற எண்ணோட நூறு கூட்டியிருக்கியே, எதுக்கு?”

“முழு வேகத்துக்குக் கொறஞ்சி போயிடுமோன்னுதான்.”

உண்மையான காரணம் வாப்பா. தராசு சரியாகக் காட்டிய பிறகும் இரண்டு மிளகாய் சேர்த்துப் போடாவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. எனக்கும் அதே கை.

அவள் வரிசையாகப் பதினாறு கட்டம் வரைந்தாள்.

“ஒவ்வொண்ணுலயும் சைபர், இல்லாட்டி ஒண்ணு. இடது ஓரக் கட்டம் அளவுக்கில்ல. அதுல ஒண்ணு வந்தா மைனஸ். மத்த பதினஞ்சும் ஒண்ணா இருந்தா 32767. அதுதான் பத்து வோல்ட், முழு வேகம். அதுக்கு மேல ஒண்ணக் கூட்டினாலும் இடது ஓரத்துக்கு ஏறிரும்.”

கடைசிவரை திருப்பினால் திருகியே 32767 தரும். அதோடு நான் நூறைக் கூட்டியிருந்தேன். விடை மைனஸ் 32669. பெட்டி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. விசிறிக்கு வோல்ட் அனுப்பும் வெளியீட்டு அட்டைக்குப் பூச்சியத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. பூச்சியம் வோல்ட்டோடு நின்றது. பாதித் திருகலில் நூறுக்கு இடமிருந்தது, அதனால் என் சோதனைகள் எல்லாம் அழகாகத் தேறின.

“ரெண்டு மொளகா கூடப் போட்டதும், வாங்க வந்தவரு ஒங்க வாப்பாவுக்கு முப்பத்திரண்டாயிரம் மொளகா தரணும்னு ஆயிருச்சு,” என்றாள்.

“வாப்பாகிட்ட சொல்லிடாத. தெனமும் போடுவாரு.”

வீட்டுக்கு வந்து நானும் கட்டம் வரைந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இருந்தும் இன்னொரு தடவை வரைந்தேன்.

நாளை: முதல் பஸ்ஸில் போக வேண்டும். நூறை நீக்க வேண்டும். எண் 32767-ஐத் தாண்டாதபடி ஒரு தடை எழுத வேண்டும். கொழுந்து லொறி வருமுன் திருகியை முதலில் கடைசிவரை திருப்ப வேண்டும். வயரில் ஒன்றுமில்லை என்று மாரிசாமி அண்ணனிடம் சொல்ல வேண்டும்.