தண்ணீர் கேட்காத மான்

மழை தவறிய நான்காவது வருஷம், கோடை தொடங்கிய ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பாலைவனத்து மான் ஒன்று அரசு மருத்துவமனைக்குள் வந்து, டோக்கன் எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசையில் நின்றது. எண் நாற்பத்தேழு. அதற்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்த தபால்காரரும், பின்னால் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. குறுக்கே புகுந்திருந்தால் பெரிய சண்டையாகியிருக்கும். கையில் டோக்கன் இருக்கிறவரை இந்த ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. மானுக்குக் கை இல்லை, அது வாயில் வைத்திருந்தது.

அங்கே படம் எடுக்கிற பெண்ணை எல்லாரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் 'மூச்ச இழுங்க, அப்படியே நிறுத்துங்க, ம், விடுங்க' என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் வாக்கியத்துக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டுப் பேசுகிறவளாகிவிட்டாள். மானிடமும் அதையே சொன்னாள். அது மூச்சை இழுத்தது, நிறுத்தியது. அவள் விடச் சொல்ல மறந்து படத்தைப் பார்க்கப் போய்விட, கால் மணி நேரம் அப்படியே நின்றது. படத்தில் அதன் இதயம் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது; ஈரல் ஒரு வெற்றுத் தீப்பெட்டி அளவு. டாக்டர் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை, வறட்சிக் காலத்தில் சில பாலைவன மான்கள் இதயத்தையும் ஈரலையும் சுருக்கிக்கொள்ளும், சின்ன உறுப்புக்குக் கொஞ்சம் மூச்சு போதும், மூச்சு குறைந்தால் அதோடு வெளியே போகிற ஈரமும் மிச்சம் என்று சொல்லி, 'இயல்பு' என்று எழுதி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எக்ஸ்ரே அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் உறைக்குள் போடவில்லை. ஓர் இதயத்தை இவ்வளவு சிக்கனமாக வைத்துக்கொள்ள முடியும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சாயங்காலம் அவள் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது மானும் பின்னாலேயே வந்தது.

அவள் கணவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர். தெருமுனையில் அவன் ஹாரன் அடித்தால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள், சண்டை போடுகிறவர்கள் மீதியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று குடத்தைத் தூக்குவார்கள். பல் டாக்டர் ஒருமுறை பிடுங்கிய பல்லும் கையுமாகவே வந்து நின்றார். நாலு வருஷமாக ஊர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் வரும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் அது தெரியும். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் மீசையை ஒதுக்கும்போதெல்லாம் தெரியும். அவனிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. சொந்த வீட்டுக்கு முதலில் பிடித்துவிட்டான் என்று ஒரு நாக்கு சொல்லிவிடக் கூடாது, ஆகவே தன் வீட்டுக் குடத்தைக் கடைசியில்தான் வைப்பான். கடைசியில் குழாய் காற்றைத்தான் கக்கும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பான். அப்படி நாலு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் நாளைகள் கழிந்திருந்தன.

மானுக்கு அவன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளி, அதிலும் பாலைவனத்திலிருந்து நடந்து வந்தது, தாகத்தோடு இருக்கும் என்று லாரியின் அடியில் மிஞ்சியதைத் தட்டித் தட்டிக் கால் வாளி பிடித்துக் கொண்டுவந்து வைத்தான். மான் வாளியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, பிறகு மனசு கோணக்கூடாது என்பதுபோல மூக்கு நுனியை மட்டும் நனைத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டது. மறுநாள் ஐஸ் போட்டு வைத்தான். அதற்கடுத்த நாள் கொதிக்கவைத்து ஆறவைத்து வைத்தான். அது தண்ணீரே குடிப்பதில்லை. விடிவதற்கு முன், காய்ந்த புல்கூடக் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கிற நேரமாகப் பார்த்து மேயும். அந்த நாளுக்கு அதற்கு அது போதும். ஊரிலேயே அவன் தேவைப்படாத ஒரே ஜீவன், அவன் வீட்டுக் கொல்லையிலேயே குடியிருந்தது.

அவன் மனைவி அதற்காகவே நாலரை மணிக்கு எழுந்தாள். அவனுக்கு ஒரு நாளும் அவ்வளவு சீக்கிரம் எழுந்தவளில்லை. வெயில் ஏற ஏற மானின் ரோமம் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்து வெயிலைத் திருப்பி அனுப்பியது. அவள் அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மத்தியானம் அதன் உடம்பு கொதிக்கும், ஆனால் வேர்க்காது. வேர்த்தால் ஈரம் வீண் என்று சூட்டை உள்ளேயே தேக்கிவைத்து, ராத்திரிக் குளிரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைக்கும். அவள் தன் வெள்ளைக் கோட்டை அதன் விலாவில் விரித்து நீவி இஸ்திரி போட்டுக்கொண்டாள், மடிப்பு கத்திபோல நின்றது. உடம்பு அப்படிக் கொதித்தாலும் மூளைக்குப் போகிற ரத்தத்தை மட்டும் மூக்குக் காற்றில் குளிரவைத்துத்தான் அது மேலே அனுப்பும். அதனால் நெற்றி மட்டும் மண்பானை வயிறுபோலச் சில்லென்றிருக்கும். எக்ஸ்ரே அக்கா வேலையிலிருந்து வந்ததும் அந்த நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நீண்டநேரம் நிற்பாள். அதுதான் லாரிக்காரனுக்குத் தாங்கவில்லை.

அவள் தம்பி அதே தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். அக்கா புருஷனைச் சீண்டுவதற்காகவே கடை வைத்தான், முடிவெட்டுவது பொழுதுபோக்குக்கு என்று பேச்சு.

"என்ன மாமா, ஊருக்கெல்லாம் வாளி வாளியா ஊத்துறீங்க, வீட்டுல ஒரு மான் உங்கள சட்டையே பண்ண மாட்டேங்குதாமே?"

"புது இடம்டா மச்சான். ரெண்டு நாள்ல குடிக்கும்."

"அத விடுங்க. அக்கா அது நெத்திய தொட்டுக்கிட்டே நிக்குது. உங்க நெத்திய எப்ப தொட்டுச்சு?"

"எனக்கு ஜுரம் வந்தாதானடா தொடுவா."

"அப்ப சீக்கிரம் ஜுரத்த வரவழைங்க. தலைய நிமித்துங்க, கத்தி பட்டுடும்."

லாரிக்காரன் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டான். மானால் முடிவது மனுஷனால் முடியாதா என்று மறுநாள் காலையிலிருந்து ஒரு மடக்கும் குடிக்காமல், வேர்க்கக் கூடாது என்று தன் உடம்புக்கு உத்தரவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். மூன்றாவது தெருவில், குழாயைப் பிடித்த கையோடு, மரம் சாய்வதுபோலச் சாய்ந்தான். ஜனங்கள் ஓடிவந்து முதலில் குழாயை மூடினார்கள், பிறகு அவனைத் தூக்கினார்கள். மருத்துவமனையில் மனைவி வந்து, கடைசியில், அவன் நெற்றியில் கைவைத்தாள். அவன் கண்ணை மூடிக் காத்திருந்தான். "அடுப்பு மாதிரி இருக்கு" என்றாள். பிறகு அவளுடைய வழக்கமான இடைவெளி. "இதுக்கெல்லாம் மானா பொறக்கணுங்க." ஏற்றிய குளுக்கோஸ் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் ஆவியாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். முதலில் அரை டம்ளர், பிறகு கால், பிறகு இல்லை. உச்சி வெயிலில் நடந்து வந்தாலும் அவள் கழுத்தில் வேர்வை இல்லை. பேச்சும் சுருங்கியது: 'சாப்பிட வாங்க' என்பது 'வாங்க' ஆயிற்று, 'வாங்க' என்பது தட்டு வைக்கிற சத்தமாயிற்று. நிமிஷத்துக்கு நாலு மூச்சுக்கு மேல் அவள் விடுவதில்லை என்பதைத் தெருவில் எல்லாரும் கவனித்து, சிக்கனமான பெண் என்று பாராட்டினார்கள். லாரிக்காரன் மட்டும் கணக்கு வேறாகப் போட்டான். இதயம் சுருங்கினால் உள்ளே இருக்கிற யாராவது காலி செய்தாக வேண்டும். புதிதாக வந்தது மான், பழையது அவன். வீடு மாறுகிறவர்கள் எதை முதலில் வெளியே போடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் லாரியின் முன்கதவைத் திறந்து, "வா, ஒரு சவாரி" என்றான். மான் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கொம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டது. நூற்றிருபது மைல் தாண்டி, தார் முடிந்து, மண் முடிந்து, மணல் மட்டும் மிஞ்சிய இடத்தில் கதவைத் திறந்துவிட்டான். அது விரிந்த குளம்புகளால் மணலில் புதையாமல் கால்வைத்து இறங்கியது. அவன் வண்டியைத் திருப்பினான். பின்சக்கரம் அச்சு வரைக்கும் மணலில் இறங்கி நின்றுகொண்டது. டேங்கர் காலி, காலியாகத்தான் கொண்டுவந்திருந்தான், பாரம் குறையட்டும் என்று. மத்தியானம் மணி ஒன்று.

மான் போகவில்லை. சற்று நேரம் அவனைப் பார்த்துவிட்டு, லாரியின் நிழலில் முன்காலால் மணலைப் பறித்தது. முழ ஆழத்தில் மணல் குளிர்ந்திருந்தது. அந்தக் குழியில் அது படுத்து, பிறகு கொஞ்சம் நகர்ந்து, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டது. தன் இடத்தைப் பிடித்துக்கொண்டதன் பக்கத்திலா என்று அவன் வெயிலிலேயே நின்றான். தன்மானம் இருபது நிமிஷம் தாங்கியது. சாயங்காலம் வரைக்கும் குழியில் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவளைப் பற்றிய மனக்குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அதனிடமே சொன்னான். அது காதை அவன் பக்கம் திருப்பி முழுவதும் கேட்டது. நடுவில் குறுக்கிடவில்லை, புத்தி சொல்லவில்லை, கொட்டாவி விடவில்லை. தன்னால் இப்படிக் கேட்க முடியாது என்பது உறைத்ததும் அவனுக்கு மறுபடி வயிறு எரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது. கையை எடுக்க அவனுக்கும் மனசு வரவில்லை.

வெயில் சாய்ந்தபோது மான் எழுந்து மூக்கைத் தூக்கியது. எங்கோ பல நாள் நடைக்கு அப்பால் மழை பெய்திருக்க வேண்டும். அதன் வாசனை பட்டால் இந்த மான்களுக்குக் கால் நிற்காது. திரும்பிப் பார்க்காமல் போயிற்று. ஒருமுறையாவது திரும்பியிருக்கலாம் என்று அவனுக்கு வருத்தம். இருட்டுகிற நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த ரோடு போடுகிறவர்கள் டிராக்டரில் கயிறு கட்டி லாரியை இழுத்துவிட்டார்கள்.

வீட்டில் அவள் கொல்லை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிடுச்சா?"

"நான்தான் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் அதுவாவே போயிடுச்சு."

"ம்."

அவ்வளவுதான். அவள் ஒரு மூச்சு விட்டாள். அவன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான். இருபது எண்ணினான், முப்பது எண்ணினான். முப்பத்தெட்டில்தான் அது வந்தது.

"உனக்கும் சுருங்கிடுச்சா?"

"ஆமா."

"அந்த மானைப் பாத்தா?"

"சுருக்குற வழிய அதுகிட்ட கத்துக்கிட்டேன். காரணம் நீங்க." இடைவெளி. "போயி குடத்தப் பாருங்க."

அடுப்படியில் நாலு குடங்களும் வாய் திறந்து கிடந்தன. ஒன்றில் சிலந்தி வலை கட்டி, வலையும் பழசாகிப் போயிருந்தது. மருத்துவமனையில் தனக்குக் கொடுக்கிற ஒரு பாட்டில் தண்ணீரைத்தான் அவள் தினமும் கொண்டுவந்து, அதில் சமைத்து, மீதியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவன் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தான். அது எங்கிருந்து வருகிறது என்று நாலு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. லாரிக்காரன் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்பார்கள்? வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். மனுஷ ஜன்மம், அப்போதும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்: "சுருங்குனதுல நான் எங்க இருக்கேன்?"

"காலைல வாங்க. டோக்கன் போட்டுக்குங்க."

மறுநாள் எக்ஸ்ரே அறையில் படத்தட்டுக்கு முன்னால் அவளே நின்றாள், பொத்தானை அவன் அழுத்த வேண்டியிருந்தது. 'மூச்ச இழு' என்றான். 'அப்படியே நிறுத்து' என்றான். 'விடு' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை, அவளாகவே விட்டாள். படத்தில் எலுமிச்சம்பழ அளவில் இதயம் இருந்தது. அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, மீசை நசுங்க ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்தையும் வெளிய போட்டேன்" என்றாள் அவள். "பாட்டு, கோவம், பொறந்த வீட்டு மாடி, கூடப் படிச்சவளுக. உங்களயும் போடத்தான் பாத்தேன். தொந்தி வாசல்ல மாட்டிக்கிச்சு."

அவன் சிரித்தான், அழுதான், இரண்டையும் ஒரே கைக்குட்டையில் துடைத்தான். பிறகு படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனான். "என் தலைக்கு மேல ரெண்டு கோடு தெரியுதே, அது என்ன?"

"கொம்பு."

"அது இன்னும் உள்ளதான் இருக்கா?"

"இருக்கு."

"நான் குந்திக்கிட்டிருக்கேன், அதுக்கு மட்டும் நிக்க இடமா?"

அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அன்று மத்தியானம் அவன் ஹாரன் அடித்தபோது, தெருவே பார்த்திருக்க, முதலில் குழாயைத் தன் வீட்டு வாசலில் திறந்து நாலு குடத்தையும் நிரப்பினான். வரிசையில் நின்ற முடிவெட்டுகிறவன், "நிறைய பிடிங்க மாமா" என்றான், வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்ரே அக்கா வாசற்படியில் நின்று இரண்டு சொம்பு குடித்தாள். மாதம் ஒரு படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இதயம் இப்போது கொய்யாப்பழ அளவு, உள்ளே அவன் ஒரு காலை நீட்டியிருக்கிறான், டாக்டர் ஒவ்வொரு முறையும் 'இயல்பு' என்று எழுதுகிறார். மழை இந்த ஊருக்கு இன்னும் வரவில்லை. அவளுடைய அந்த முதல் படத்தை அவன் லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறான். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், கட்டை விரலால் கொம்பை மறைத்துக்கொண்டு, "நான்தான்" என்கிறான்.