முதலில் நெருப்பா, பிளவா

அந்த ஏரி எப்படி உண்டானது என்பதில் ஊர் மக்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. தண்ணீர் இருக்கிறது, படகு ஓடுகிறது, போதும். கவலைப்பட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் ஒரே நிலவியல் அலுவலகத்தில், ஒரே நடைபாதையின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு அலுவலகம் வைத்த பெயர் எரிமலை. இன்னொருவருக்குப் பிளவு. எரிமலையின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பிதான் பிளவு.

எரிமலையின் கட்சி இது: பூமிக்கடியிலிருந்து நெருப்புக் குழம்பு மேலே வந்து நிலத்தடி நீரைத் தொட்டது, நீர் ஒரே மூச்சில் ஆவியாகி வெடித்தது, பெரும்பள்ளம் விழுந்தது. தரை பிளந்து கீழே இறங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிளவு இதைத் திருப்பிப் போடுவார். முதலில் தரை பிளந்தது, அந்த இடுக்கு வழியாகத்தான் நெருப்பு ஏறி வந்தது என்பார். இரண்டும் நடந்தன என்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள். எது மூத்தது என்பதில்தான் சண்டை. பல லட்சம் வருஷங்களுக்கு முன்னால் யாரும் பார்க்காதபோது நடந்த காரியத்துக்கு, இப்போது நடைபாதையில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உலகம் எரிமலையின் பக்கம் இருந்தது. ஏரிக்கடியில் துளை போட்டு எடுத்த கல்தண்டுகள் நீளமான மரப்பெட்டிகளில் கிடங்கில் இருந்தன. ஆக ஆழத்திலிருந்து எடுத்த கடைசிப் பெட்டியில் அடியில் சாம்பலும் சேறும், அதற்கு மேலே நொறுங்கிய பாறை. அடியில் இருப்பதே பழையது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆகவே நெருப்புதான் மூத்தது. ஒரே ஒரு சிக்கல். சாம்பல் கொட்டும்போது பெரிய துகள் முதலில் விழுந்து அடியில் கிடக்கும், பொடி பிறகு வந்து மேலே படியும். இங்கே பொடி அடியில், பெரிய துகள் மேலே. எரிமலை இதற்கெல்லாம் அசருகிறவர் அல்ல. மெல்லத் தொடங்கிப் போகப் போக வெறி பிடிக்கும் அபூர்வ வகை வெடிப்பு இது என்று கட்டுரை எழுதினார். அந்த வகைக்கு ஒரு பெயரும் வைத்தார். பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியது, அவர் துறைத்தலைவர் நாற்காலியில் ஏறினார்.

பிளவோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். ஆதாரம் எதையும் காட்டாமல் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு எழுந்து, “பிளவுதான் முதல்” என்று சொல்லுவார். கூட்டம் சிரிக்கும். உட்கார்ந்துகொள்வார். அக்கா வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. அக்காதான் அவ்வப்போது தம்பி வீட்டுக்குப் போய் வந்தாள்.

எரிமலைக்கு இது வலித்தது. இருவரும் ஒன்றாகப் படித்து, ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மச்சினர் வருகிற நாள் என்றே அர்த்தம். அவர் வராமல் போனதும் எரிமலை ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திர அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார். அலமாரி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்படியிருக்கையில் பிளவுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு கிளம்புகிறார். அதே சமயம் ஏரிக்கரையில் பயணிகளுக்காக ஒரு கல்வெட்டுப் பலகை வைக்க அலுவலகம் முடிவு செய்தது. ஏரி பிறந்த கதையை ஐந்தே வரியில் எழுதி, இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஒருவர் எழுதினால் மற்றவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று பயணிகளிடம் மறுத்துப் பேசுவார் என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

காலையில் மனைவி தட்டை எரிமலையின் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“உங்க ஏரி வானத்துலேருந்து விழுந்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள். “என் தம்பி போறதுக்குள்ள இந்த வீட்ல ஒரு வேளை சாப்பிடணும். அவனைக் கூட்டிட்டு வாங்க.”

“அவன் வரமாட்டேங்கறான். நான் என்ன பண்றது?”

“நீங்க கூப்பிட்டீங்களா?”

எரிமலை தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். கூப்பிடவில்லை.

கிடங்கு அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. தகரக் கூரை, மங்கிய குழல்விளக்கு, வரிசையாக இரும்பு அலமாரிகள். ஏரிக்கரைக் காட்சிக்கூடத்துக்காகக் கடைசிப் பெட்டியின் கல்தண்டை முந்தின நாள்தான் நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்திருந்தார்கள். அறுத்த பாதியை, பெட்டியில் இருந்த வாக்கிலேயே, மேசைமேல் போட்டிருந்தார்கள். எரிமலை உள்ளே போனபோது பிளவு ஏற்கெனவே வந்து, கையில் பேனாவோடு நின்றிருந்தார்.

“நீங்க சொன்னபடியே எழுதிக்குங்க மாமா,” என்றார் பிளவு. “நெருப்பு முதல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?”

எத்தனை வருஷமாக எதிர்பார்த்த வாக்கியம்! எரிமலை அதைக் கேட்டதும் குதிக்கப்போவதாக நினைத்திருந்தார். குதிக்கத் தோன்றவில்லை. சண்டைகூடப் போட மனமில்லாமல் போகிறானே என்றுதான் இருந்தது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று மேசைப் பக்கம் திரும்பி, அறுத்த கல்லைப் பார்த்தார்.

புதிதாக அறுத்த முகம் பளபளவென்று இருந்தது. சேற்றுப் படிவத்துக்கு நடுவே கொட்டைப்பாக்களவு ஒரு கருங்கல். வெடிப்பில் பறந்து வந்து ஈரச் சேற்றில் விழுந்த கல். அப்படி விழுகிற கல், தனக்குக் கீழே இருக்கும் சேற்றைக் குழியாக அமுக்கும். இதிலும் அமுக்கியிருந்தது. ஆனால் குழி கல்லுக்கு மேலே இருந்தது.

எரிமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குழி அதே இடத்தில் இருந்தது. கல் கீழேயிருந்து மேலே விழாது. பெட்டியில் தண்டு தலைகீழாகக் கிடக்கிறது. அப்படியென்றால் நொறுங்கிய பாறைதான் அடியில். பிளவுதான் மூத்தது. அவர் பெயர் வைத்த அபூர்வ வெடிப்பு, எல்லா வெடிப்பையும் போல ஒரு சாதாரண வெடிப்பு.

மச்சினருக்குச் சாம்பல் பற்றி அதிகம் தெரியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அடுத்த வாரம் இவன் தோற்றவனாக விமானம் ஏறுவான் என்று நினைத்ததும் தாங்கவில்லை.

“மச்சான், பேனாவை மூடு. தண்டு தலைகீழா இருக்கு. நீதான் சரி.”

பிளவு கல்லைப் பார்க்கவேயில்லை. “தெரியும் மாமா,” என்றார்.

“என்ன தெரியும்?”

“இதுக்கு மேல் மட்டத்துப் பெட்டியோட கடைசித் துண்டை எடுத்து ஒருநாள் பொருத்திப் பார்த்தேன். உடைஞ்ச முனை, இந்தப் பெட்டியோட தப்பான கோடியிலதான் உட்கார்ந்துது.”

“எப்போ?”

“உங்க சின்னவ பொறந்த வாரம்.”

சின்னவள் இப்போது நான்காம் வகுப்பு. எரிமலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்,” என்றார் பிளவு. “நீங்க எல்லாருக்கும் இனிப்பு குடுத்துக்கிட்டு இருந்தீங்க, குழந்தைக்கும் பிரமோஷனுக்கும் சேர்த்து. அக்கா அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அப்புறம் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். அந்த அப்புறம் வரவே இல்ல. அதோட, தண்டைத் தலைகீழா அடுக்கினதே நான்தான்.”

“நீயா?”

“மேசைக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். இடது பக்கம் மேல்மட்டம்னு அடுக்குவோம்ல. என் இடது உங்களுக்கு வலது. மத்த பெட்டியெல்லாம் யோசிச்சுத்தான் வெச்சேன். கடைசிப் பெட்டிக்கு வரும்போது நீங்க திடீர்னு அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்க. அப்புறம் எனக்கு இடதாவது வலதாவது.”

எரிமலைக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பெட்டி நினைவில்லை.

“அதுக்கு வீட்டுக்கு வராம இருக்கணுமாடா?”

“என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா மாமா? உங்க வீட்ல சாப்பாட்டுல கை வெச்சேன்னா ரெண்டாவது வாய்க்குள்ள உளறிடுவேன். அதான் வரல.”

எரிமலைக்குக் கோபம் வந்தது. நல்ல, முழுக் கோபம். கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு இவன் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று சிரிப்பு வாங்கியிருக்கிறான். அந்தச் சிரிப்பில் மிகவும் உரக்கக் கேட்டது தன்னுடைய சிரிப்பு. இதை நினைத்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது, வெட்கத்தோடு கண்ணிலும் கொஞ்சம் வந்தது. கிடங்கில் கல்தூசி அதிகம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பலகைக்கான தாளை எடுத்து முதல் வரியாக, தரை பிளந்தது என்று எழுதினார்.

“பாடப்புத்தகம்?” என்றார் பிளவு.

“திருத்தட்டும். அவங்களுக்கும் வேலை வேணும்ல. கிளம்பு, வீட்டுக்குப் போலாம்.”

மனைவி கதவைத் திறந்தாள். கணவனைத் தாண்டித் தம்பியைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பது போல, “யார் விட்டுக் குடுத்தது?” என்றாள்.

“நான்தான்,” என்றார்கள் இருவரும்.

“நீ எங்கடா விட்டுக் குடுத்த? தப்புன்னு ஒத்துக்கிட்டது நான்.”

“நான் பேனாவோட நின்னேனே மாமா! அதுக்கு அப்புறம்தான் நீங்க கல்லையே பார்த்தீங்க. முதல்ல நான்தான்.”

“அது விட்டுக் குடுத்தது இல்ல. அது சலிச்சுப் போனது. முதல்ல நான்!”

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு இப்படி எதிர்த்துப் பேச ஆள் இருக்காது என்பது எரிமலைக்கு அப்போதுதான் உறைத்தது. அது வெளியே தெரியாமல் இருக்க அவர் இன்னும் உரக்கக் கத்தினார்.