சீர் வண்டிக்குச் சகுனம்

"வண்டி கெளம்புற நேரம். நீ உள்ளாறயே இரு பரிமளா. குறுக்க வந்து தொலைக்காத."

குருமூர்த்தி இப்படிச் சொன்னது கூடப்பிறந்த தங்கச்சியிடம். புருசன் செத்தவள் சீர் வண்டிக்கு எதிரே வரக்கூடாதாம். திருமானூரில் இன்னொரு தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. செந்துறையிலிருந்து தாய்மாமன் சீர் போகிறது. குட்டியானை வண்டியில் அண்டா, தாம்பாளம், வாழைத்தார், அதுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு பெண்டு பிள்ளைகள். பரிமளாவின் மகள் சிவரஞ்சனியும் ஏறி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை போகலாம், பெத்தவள் போகக்கூடாது. நல்ல நியாயம்.

டிரைவர் அழகேசன் ராத்திரியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். தூக்கம் வராமலிருக்க ஏதோ மாத்திரை போடுவான், ஊருக்கே தெரியும். அவனை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பெரியப்பா சாமிதுரை ஒரு குவார்ட்டர் கொடுத்தார். அது இந்த ஊர் மரியாதை. சாமிக்குச் சூடம் காட்ட மறந்தாலும் மறப்பார்கள், சீர் வண்டி டிரைவரைக் கவனிக்க மறக்கமாட்டார்கள்.

திரும்பி வந்த அழகேசன், கைப்பிடி அகப்படாமல் வண்டிக் கதவைத் தடவிக்கொண்டிருந்தான். பரிமளா சன்னலிலிருந்தே கத்தினாள்.

"அண்ணே, அவனுக்குக் கதவே தெரியல. ரோடு எப்புடித் தெரியும்?"

"கொஞ்சம் உள்ள போனாத்தான்க்கா நமக்குக் கை நடுங்காது," என்று அழகேசன் இளித்தான். வண்டியிலிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

"டிரைவருக்கு ஊத்தலன்னா நாளைக்கு எவன் வருவான் நம்ம வூட்டுக்கு? நல்ல காரியத்துல வாய வைக்காத," என்றார் சாமிதுரை.

அவள் புருசனும் இப்படித்தான் ஒரு கல்யாண வண்டியில் போனான். பாடாலூர் தாண்டிப் பாலத்துச் சுவரில் மோதியது. அன்றைக்கு டிரைவருக்கு ஊத்திவிட்டதும் இதே பெரியப்பாதான். அப்புறம் இவள் தாலியை அறுக்கச் சொன்னதும் அவர்தான்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார்கள். வண்டி உறுமியது.

பரிமளா படியிறங்கி, நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"இப்ப எடுங்க."

"அடிப்பாவி! எதுக்கவே வந்து நின்னுட்டாளே. இனிமே இந்த வண்டியில எவன் போவான்? எறங்குங்கடி எல்லாரும்!" சாமிதுரை துண்டை உதறினார்.

பெண்டுகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து இறங்கினார்கள். குடித்தவனைப் பார்த்து ஒருத்தியும் இறங்கவில்லை. வெறும் நெற்றியைப் பார்த்து அத்தனை பேரும் இறங்கினார்கள். சிவரஞ்சனியின் கால் தரையில் பட்டதும்தான் பரிமளா நகர்ந்தாள்.

"ஒரு நல்ல காரியத்தக் கெடுத்துட்டியே," என்று பல்லைக் கடித்தான் குருமூர்த்தி.

"கெடட்டும்ண்ணே. எம் புள்ள பஸ்ஸுல போயிட்டு வரட்டும்."

சீர் பஸ்ஸில்தான் போனது, அண்டாவுக்கும் டிக்கெட் போட்டு. தெருமுனை வரைக்கும் அவளை மூதேவி என்று வைதுகொண்டே போனார்கள். அழகேசனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து, வாயொழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூஞ்சியில் வெயில் படுகிறதென்று சாமிதுரை பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, தன் துண்டைக் கண்ணாடியில் கட்டிவிட்டார்.

"பாவம், ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்ச பய."