தப்புதான், துரை

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் பட்டறை ஒன்றில், 1929ஆம் ஆண்டு, பதினொரு பையன்கள் இஞ்சினியரிங் பயின்றார்கள். சனிக்கிழமை மதியங்களில் அவர்களுக்கு ஒரு தனி வகுப்பு. கூலிகளுக்குத் தலைமை தாங்கி வேலை வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர் பிச்சைமுத்து. இருபது வருஷம் மண்டோராக இருந்து கூலிகளை மேற்பார்த்தவர்.

"சத்தம் போடுறவன் தலைவன் இல்லடா. கூலி ஒருத்தன் பயமா இருக்குன்னா, அவன் சொல்றதக் காது குடுத்துக் கேளுங்க. தேவைப்பட்டா வேலைய நிறுத்துங்க. அதுக்குத்தான் தைரியம் வேணும்" என்பார்.

பையன்களில் ஒருவனான ஹனீபா அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டான். ஒரு திங்கட்கிழமை, கப்பலுக்குள் கொதிகலனைத் தூக்கி இறக்கும் வேலை அவன் பொறுப்பில் வந்தது. தூக்கும் சங்கிலி தேய்ந்திருப்பதை முனுசாமி என்ற கூலி காட்டினான். ஹனீபா வேலையை நிறுத்தினான். கப்பல் புறப்படுவது தள்ளிப்போனது. பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை அவனை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார்.

மறுநாள் காலை துரை மற்ற பையன்களை வரிசையாக நிறுத்தி, பிச்சைமுத்துவைக் கேட்டார். "அவன் செய்தது சரியா?"

துணிமணியை எடுத்துப்போக வந்திருந்த ஹனீபா, வாசலில் நின்று வாத்தியார் முகத்தையே பார்த்தான். பிச்சைமுத்துவின் மனைவி ஜெயலெட்சுமி ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. குடியிருப்பதோ பட்டறை கொடுத்த வீடு.

"தப்புதான், துரை."

அன்று மதியமே அதே சங்கிலியைப் பூட்டினார்கள். இம்முறை பொறுப்பு இன்னொரு பையன் ராமுவுக்கு.

"வேணாம்லா தம்பி, தாங்காது," என்றான் முனுசாமி.

ராமு திரும்பிப் பார்த்தான். இருபதடி தள்ளி பிச்சைமுத்து நின்றிருந்தார். கண்கள் சந்தித்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தூக்குங்க!" என்றான் ராமு.

கொதிகலன் ஆளுயரம் எழுந்ததும் சங்கிலி அறுந்தது. முனுசாமியை அதன் அடியிலிருந்து வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. உயிர் முன்பே போயிருந்தது.

விசாரணையில் ராமு அழுதான். "வாத்தியாரப் பாத்தேன் சார். அவரு ஒண்ணும் சொல்லல."

பிச்சைமுத்து எழுந்து, "அந்தப் பையன விட்டுருங்க. நான்தான் கொன்னேன்," என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். விபத்து, யார்மீதும் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்.

சனிக்கிழமை வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிவது பற்றி துரை எழுதி அனுப்பிய தாள் மேசைமேல் இருந்தது. பையன்கள் யாரும் நிமிர்ந்து பிச்சைமுத்துவைப் பார்க்கவில்லை. அவர் அந்தத் தாளை எடுத்து, கடைசி வரி வரை உரக்க வாசித்தார்.