முதுகில் எழுத வேண்டிய பெயர்

அவளைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார். இருவரும் சேர்ந்து குழாய் வேலை பார்த்தார்கள். அண்ணி மேல்மாடியில் குழாயைக் கழற்றும்போது, கீழே மோட்டார் பக்கத்தில் நிற்கும் நாத்தனார், "அண்ணி, தண்ணிய நிறுத்திட்டேன்" என்று கத்துவாள். நாலு வீட்டுக்குக் கேட்கும். "அந்த அண்ணியை வரச் சொல்லுங்க" என்று போன் வர ஆரம்பித்ததும், அதையே தொழிலுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அண்ணி குழாய் வேலை.

ஐந்து வருடம் பழைய சுடிதாரிலேயே காலம் ஓடியது. பிறகு நூற்றிருபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது.

"வருஷ ஒப்பந்தம் தர்றோம். ஆனா யூனிஃபார்ம் வேணும். உள்ள வர்றது யாருன்னு தெரியணும்ல. சங்கக் கூட்டத்துக்கு அதைப் போட்டுக்கிட்டே வாங்க" என்றார் சங்கச் செயலாளர்.

நியாயமான பேச்சுதான். இருவரும் யூனிஃபார்ம் தைக்கும் கடைக்குப் போனார்கள். தையல்காரர் ஆல்பத்தை விரித்தார். ஆண்களுக்கு இருபது பக்கம், பெண்களுக்கு மூன்று. அதில் ரோஸ் நிறக் கோட்டு ஒன்றைக் காட்டி, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்றார்.

மாதிரிக்கு மாட்டியிருந்த அதே கோட்டின் பாக்கெட்டில் நாத்தனார் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. மேல்மூடி மட்டும் வைத்துத் தைத்திருந்தது.

"லேடீஸுக்கு நிஜப் பாக்கெட் வச்சா தொங்கும். ஷேப் போயிடும்."

"போகட்டும்" என்ற நாத்தனார், தன் பையை அவருடைய மேஜைமேல் கவிழ்த்தாள். ரெஞ்சு, ரம்ப பிளேடு, டேப், டார்ச், வாஷர் டப்பா எல்லாம் துணிமேல் உருண்டன. "இதையெல்லாம் எங்க வச்சுக்கறது? கொண்டையிலயா?"

அண்ணி துணி வெட்டும் மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். "சிங்க் அடியில இப்படித்தான் படுப்பேன். உங்க கோட்டு இப்ப எங்க வந்து நிக்கும், சொல்லுங்க."

தையல்காரர் குனிந்து பார்த்தார். யோசித்தார். "கழுத்துக்கு வந்துடும்" என்று ஒப்புக்கொண்டு ஆல்பத்தை மூடினார்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆளாகிவிட்டார். படுத்தால் சாமான் விழாதபடி தொடையில் பாக்கெட், முட்டியில் இரட்டைத் துணி, கை தூக்கினால் இழுக்காத அக்குள். அழுக்கு தெரியாத கருநீலம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "முதுகுல என்ன பேரு?" என்று கேட்டபோது அண்ணியின் போன் அடித்தது. செயலாளர்.

"பேர் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்மா. அண்ணின்னு எழுதினா ஏதோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கு. நாலு பேர் கேக்கறாங்க. பிரதர்ஸ்னு ஏதாவது போட்டுக்கோங்க. உங்க வீட்டுக்காரர் நடத்தற மாதிரி இருக்கட்டும். வேலையை நீங்களே பாருங்க, யார் வேண்டாங்கறா?"

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒரே ஒரு தடவை ஷவர் மாட்டப் போய்க் கீழ்வீட்டுக் கூரையை நனைத்தவர். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைக் கேட்டதும் பதறினார். "என்னை இழுக்காதீங்க. குழாய் உடைஞ்சா யாராவது என்னைக் கூப்பிடுவாங்க. நான் எங்க போய் ஒளியறது?"

நாத்தனார் சிரித்தாள். ஆனால் அவள் நினைப்பு வேறாக இருந்தது. "துணியில இருக்கற எழுத்துதானே அண்ணி. வருஷம் பூரா வேலை. பிரதர்ஸ்னே போட்டுத் தொலைப்போம்."

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தாள். "முதல்ல ஒருத்தர்கிட்ட வேலை பார்த்தேனே, ஞாபகம் இருக்கா? இணைப்பு பூரா நான் போடுவேன். வீட்டுக்காரங்ககிட்ட என்னைக் காட்டி, சாமான் தூக்க வந்த பொண்ணுன்னு சொல்வாரு. ஒழுகினா மட்டும் நான் போட்டதுன்னு சொல்வாரு. அது பிடிக்காமத்தான் வெளிய வந்தேன். இப்ப நானே துணி எடுத்து, நானே கூலி கொடுத்து, அந்தப் பொய்யையே தைச்சுப் போட்டுக்கணுமா?"

வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போனார்.

"சரி, எழுத்து எவ்வளவு பெருசு?" என்றாள் நாத்தனார்.

"கடையில இருக்கறதுலயே பெருசு எதுவோ அது."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கூட்டத்துக்குப் போனார்கள். முதுகில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வெள்ளை எழுத்தில் அண்ணி குழாய் வேலை. செயலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"நான் சொன்னது புரியலையா?"

"புரிஞ்சுது சார். அதனாலதான் பெருசாப் போட்டோம்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "சின்ன விஷயத்துக்கு ஏன்மா பிடிவாதம்? சங்கத்துக் கோட்டு ஒண்ணு தர்றோம், மேல போட்டுக்கோங்க."

"சின்ன விஷயம்னா நீங்களே விட்டுக் கொடுக்கலாமே சார்."

"அப்ப ஒப்பந்தம் வேண்டாமா?"

"வேணும். இந்தப் பேரோட வேணும்."

"சிரமம்மா."

"சரிங்க, வர்றோம்."

வாசல்வரை நிமிர்ந்து நடந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் அண்ணி நின்று குடியிருப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"போச்சு அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எனக்கும் அந்த நூத்தியிருபது வீடு போச்சேன்னுதான் இருக்கு. ஆனா திரும்பிப் போக மாட்டேன்."

அந்த வாரமே ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விட்டது. அண்ணி வழக்கம்போலச் சில்லறை வேலைகளுக்குப் போனாள், அதே கருநீலத்தில். பத்து நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். அந்தக் குடியிருப்பின் பி பிளாக்கில் இருக்கும் நர்ஸ்.

"கூட்டத்துல நானும் இருந்தேங்க. அன்னைக்கு வாய் திறக்கலை, என் தப்புதான். எங்க பிளாக்ல ரெண்டு வருஷமா ஒழுக்கு. புதுசா வந்தவங்க எட்டிப் பார்த்துட்டுப் போனதோட சரி. முப்பது வீடும் சேர்ந்து உங்களைக் கூப்பிடறதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். செயலாளருக்குப் பிடிக்கலை."

"அவருக்குப் பிடிக்க வேண்டாம். குழாய் ஒழுகாம இருந்தாப் போதும்" என்றாள் அண்ணி.

கேட்டது நூற்றிருபது வீடு, கிடைத்தது முப்பது. அதுவும் கிடைத்ததே என்று நாத்தனார் இரண்டு ரெஞ்சுகளையும் எண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

முதல்நாள் பி பிளாக்கின் பிரதான வால்வை மூட வேண்டியிருந்தது. வால்வுத் தொட்டியின் இரும்பு மூடிக்கு மேலேயே ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. யாருடையது என்று கேட்டதற்குக் காவலாளி குரலைத் தாழ்த்தினார். "செயலாளரோடது. அவர்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்கு வாங்களேன்."

"முப்பது வீட்டுலயும் பக்கெட்ல தண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்கண்ணே. போன் போடுங்க."

செயலாளர் சாவியோடு இறங்கி வந்தார். காரைப் பார்த்தார், கருநீலச் சட்டைகளைப் பார்த்தார். "இதை ஒதுக்காம வேலை பார்க்க முடியாதா?"

"முடியாது சார். காரை எடுங்க."

பி பிளாக் பால்கனிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நர்ஸ் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டபடியே கீழே பார்த்தாள். செயலாளர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். நாத்தனார் பின்னால் போய் நின்று கையசைத்து வழிகாட்டினாள். "வாங்க, வாங்க, ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிங்க. போதும் சார்."

அண்ணி கடப்பாரையை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினாள்.