மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

தம்பி மனைவி போன் செய்தால் அரை மணி நேரத்துக்கு முன்னால் வைக்க மாட்டாள். அன்று விடுமுறை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதிக்குக் காது கொடுத்தேன், பாதிக்கு "ம்" கொட்டினேன்.

"அவருக்கு இன்னிக்கும் டூட்டி அண்ணி. அவசர ஆர்டராம். ஆனா ஒரு நல்லது, இனிமே கால் குடைச்சல்னு என் உயிர எடுக்க மாட்டாரு."

"ஏன், டாக்டரப் பாத்தானா?"

"டாக்டராவது! ஷெட்டுல சுவத்துக்கு அடியில வரிசையா ஓட்டை விட்டிருக்காங்கல்ல? அது வழியா மலையிலேருந்து மார்கழிக் குளிர்காத்து வந்து கால் விறைச்சுப் போகுதுன்னு பொலம்பிட்டே இருந்தாரே. நேத்து அட்டைப்பெட்டியக் கிழிச்சு எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டாராம். இத்தனை நாள் தோணலையேன்னு ஒரே பெருமை."

கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

தம்பி வேலை செய்வது பெயின்ட் தின்னர் நிரப்பும் ஷெட்டில். பெரிய டிரம்மிலிருந்து சின்ன டப்பாக்களுக்குக் குழாய் வழியாக நிரப்புவார்கள். நிரப்பும்போது எழும்பும் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், காற்றைவிடக் கனமானது. புகைபோல மேலே போகாது, தரையோடு தவழும். அது வெளியே போகத்தான் சுவரின் அடியில் அந்தத் திறப்புகள். ஒரு பக்கச் சுவர் வழியாகக் காற்று வர வேண்டும், எதிர்ச் சுவர் வழியாக ஆவியை அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

என் பிழைப்பு இந்த மாதிரி இடங்களைப் பிரிப்பது. எங்கே ஆவி எப்போதும் இருக்கும், எங்கே வேலை நடக்கும்போது வந்துபோகும், எங்கே ஏதாவது தப்பு நடந்தால் மட்டும் எட்டிப் பார்க்கும் என்று வரைபடத்தில் ஜோன் ஜோனாகக் காட்டுவேன். கூடவே இருக்கும் மாமியார், அடிக்கடி வரும் நாத்தனார், தகராறு என்றால் மட்டும் வந்து நிற்கும் பெரியப்பா என்று சொன்னால் எந்தத் தொழிலாளிக்கும் புரிந்துவிடும். ஒவ்வொரு ஜோனிலும் எந்த மாதிரி மின்சாதனம் வைக்கலாம் என்று விதி உண்டு. கடைசி ஜோன் முடியும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடு அடிப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் வீட்டில் இருக்கும் சாதாரண மிக்ஸியைக்கூட வைக்கலாம். தம்பி ஷெட்டின் கோடு நான் போட்டது. காற்றோட்டம் என்ற கட்டத்தில் "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்த "நன்று" போனால் கோடும் போச்சு, ஆவி அதைத் தாண்டிப் பரவிவிடும்.

"அவன் நிரப்புறது எத்தனை மணிக்கு?"

"காலையிலேருந்தே நடக்குது அண்ணி. புது மெஷின் வேற வந்திருக்கு. டப்பா மேல பிளாஸ்டிக் உறைய மாட்டி, சூடு காட்டி ஒட்டுமாமே? பத்தரைக்கு ஓட விடுறாங்களாம். அக்கா கோட்டுக்கு அரையடி தள்ளியே வச்சிருக்கேன், இப்ப அவ வாயத் தெறக்கட்டும் பாப்போம்னு சிரிச்சுட்டே போனாரு."

மணி பத்து இருபது. "வை போனை" என்று கத்தினேன். பாவம், அவளை அப்படி நான் அதட்டியதே இல்லை.

தம்பியைக் கூப்பிட வழியில்லை. உள்ளே யாரும் கைபேசி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். அந்த விதியை ஒற்றைக்காலில் நின்று வாங்கியவளும் நான்தான், யாரைத் திட்டுவது? காவலாளி அறை எண்ணுக்கு அடித்தேன். எங்கேஜ்டு. மறுபடி அடித்தேன். எங்கேஜ்டு. ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆலை பத்து நிமிடத் தூரம். வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, அது தம்பி. அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். இப்போது நாற்பத்தொரு வயது, தொப்பை, ரெண்டு பிள்ளைகள். இருந்தாலும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது எனக்கு அவனுடைய சோப்பு நுரைத் தலைதான் கண்ணில் நின்றது.

காவலாளி ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடடே, கோட்டம்மாவா? லீவு நாள்ல..."

"மெயின் கரண்ட நிறுத்தணும். பேனல் ரூம் சாவி குடுங்க."

"மேனேஜர் சொல்லாம எப்படிம்மா? என் வேலை போயிடும்."

"என் தம்பி உள்ள இருக்கான்யா!"

என்ன முகத்தோடு சொன்னேனோ தெரியவில்லை. பேரனை அப்படியே தொங்கவிட்டுவிட்டு சாவியோடு எனக்கு முன்னால் அவரே ஓடினார்.

நேராக ஷெட்டுக்குள் போய் மெஷினை அணைக்கச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலரும் கேட்டார்கள். அணைக்கிற சுவிட்சிலும் பொறி உண்டு. அதனால்தான் தள்ளியிருக்கும் பேனல் ரூமில் வைத்து அறுக்க வேண்டும். பெரிய கைப்பிடியைக் கீழே இழுத்தேன். ஆலை முழுக்க இரைச்சல் ஓய்ந்தது. தின்னர் பம்பும் நின்றிருக்கும். ஆனால் அந்த மெஷினுக்குள்ளே பழுத்த கம்பி உடனே ஆறாதே. நான் வாசலில் நின்று "எல்லாரும் வெளிய வாங்க, எதையும் தொடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒருவர் வந்தார். ரெண்டு பேர் வந்தார்கள். நாலாவது ஆளும் வந்தாயிற்று. தம்பியைக் காணோம். ஒரு நிமிடம் இருக்கும், ஒரு யுகம் என்பார்களே, அது பொய்யில்லை.

கடைசியாக அவன் வந்தான், கையைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலோடு.

"எவன்டா கரண்ட புடுங்குனது? இப்பதான் மெஷின் சூடேறி... அக்கா? நீ இங்க என்ன பண்ற?"

சட்டைக் காலரைப் பிடித்து அவனைச் சாலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கம்பி ஆற இருபது நிமிடம் காத்திருந்து, காவலாளி அறையிலிருந்த, ஆவியை அளக்கும் வாயுமானியோடு கதவருகே போனேன். தீப்பொறி வராதபடி செய்த கருவி அது. கணுக்கால் உயரத்தில் நீட்டியதுமே அலற ஆரம்பித்தது. கதவு மஞ்சள் கோட்டைத் தாண்டி நாலடி தள்ளி; அங்கேயே பற்றிக்கொள்ளும் அளவில் கிட்டத்தட்ட பாதி. இன்னும் ஒரு மணி நேரம் நிரப்பியிருந்தால் மீதிப் பாதியும் சேர்ந்திருக்கும். தள்ளி நின்றிருந்த தம்பியிடம் திரையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

கதவுகளைத் திறந்துவிட்டு, அட்டைகளை வெளிப்பக்கமிருந்து குச்சியால் தள்ளினோம். மணி பன்னிரண்டுக்குக் கருவி பூஜ்யம் காட்டியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். அப்பாடா, இருக்கிறான், வியர்வை நாற்றத்தோடு பக்கத்தில் இருக்கிறான்.

"அட்டையப் போயி யாராவது வைப்பாங்களாடா, முட்டாப்பயலே?"

"குளிர் தாங்கலக்கா. சும்மா காத்து வர்றதுக்கு வுட்டதுன்னு நெனச்சேன். எதுக்குன்னு யாரும் சொல்லலயே."

உண்மைதான். வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் நான் எழுதியிருந்தேன். ஷெட்டில் இருப்பவர்களுக்கு வரைபடத்தையா காட்டுகிறோம், தரையில் கோட்டை மட்டும் காட்டுகிறோம்.

"எனக்கு பயமே இல்லக்கா" என்றான். "உன் மருமக கேப்பா, அப்பா வேலை ஆபத்தாமேன்னு. அத்தை கோடு போட்டிருக்கா, அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் வராதுன்னு தினம் சொல்லிட்டுத்தான் கெளம்புறேன்."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் எழுந்து ஷெட்டுக்குள் போனேன். அவன் நிற்கும் இடத்தில், டிரம்முக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றேன். கோடையில் ஒரு மத்தியானம் வந்து, இங்கே வீசிய காற்றை அனுபவித்து, "நன்று" எழுதிவிட்டுப் போனவள் நான். இப்போது அதே காற்று கால்சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தேடியது. ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. எட்டாவது நிமிடத்தில் எனக்கே ஒரு அட்டை கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

"போதும், வாக்கா" என்றான் தம்பி வாசலிலிருந்து. "பாத்தாச்சுல்ல?"

"நீ எத்தனை மணி நேரம்டா நிப்ப?"

"எட்டு."

"நாளைக்கு வரைபடத்தப் புதுசா வரையணும். நீயும் கூட உக்காரு" என்றேன்.